இடது கெண்டைக்காலின் அரியர்

இசக்கியின் இடது கெண்டைக்கால் லத்தீனில் தோற்றுவிட்டது. மற்ற தசைகள் எல்லாம் பாஸ். அது ஒன்றுதான் அரியர்.

எங்கள் கல்லூரி பாளையங்கோட்டையில் இருக்கிறது. உடற்பயிற்சி அறிவியல், விளையாட்டு மேலாண்மை, லத்தீன், மூன்றும் சேர்ந்து ஒரே பட்டப்படிப்பு. தசைகளுக்குப் பெயர் லத்தீனில் இருக்கிறது. தன் பெயரைச் சொல்லத் தெரியாத தசை ஓடுதளத்தில் இறங்கக் கூடாது. நியாயமான விதி. ஆகவே மாணவர் தனியாக எழுதுவார், தசைகள் தனித்தனியாக எழுதும். உடற்பயிற்சி அறிவியல் ஹெப்சிபா மேடம் ஒயரை ஒட்டுவார். தசை சொல்வதை அவருடைய பெட்டி தாளில் எழுதித் தரும். நான் திருத்துவேன். லத்தீன் துறையில் நான் ஒருவன்தான்.

இசக்கியின் தாள்கள் மோசமில்லை. நாக்கு இரண்டு கூடுதல் தாள் வாங்கி எழுதி அறுபத்தொன்று எடுத்தது. வலது கெண்டைக்கால் எண்பத்து மூன்று. இதயம் மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்தது. அதைத் தடுக்க முடியாது, நான் தடுத்ததும் இல்லை. இடது கெண்டைக்காலின் தாளில் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே நேர்கோடு. கோட்டுக்கு மார்க் கிடையாது. முட்டை போட்டேன்.

மறுநாள் ஹெப்சிபா மேடம் காரணத்தைக் கண்டுபிடித்தார். வகுப்பில் இசக்கி இடது காலை மடித்து, வலது தொடைக்கு அடியில் வைத்துத்தான் உட்காருவாளாம். ஆறு செமஸ்டரும் அது அடியிலேயே கிடந்திருக்கிறது. வருகைப்பதிவு நூறு சதவீதம். காதில் விழுந்தது ஒன்றுமில்லை.

ஏன் இப்படி உட்கார்ந்தாய் என்று கேட்டேன்.

“காலைத் தொங்கப் போட்டா எனக்குப் பாடம் ஏறாது சார்.”

உனக்கு ஏறியது, அதற்கு ஏறவில்லையே என்றேன். குனிந்து இடது காலைப் பார்த்தாள்.

சனிக்கிழமை பல்கலைக்கழகப் போட்டி. அவளுக்கு எண்ணூறு மீட்டர். ரயில்வேயிலிருந்து பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் வேலை. கடைசி வருஷம், இதை விட்டால் அவளுக்கு வேறு ஓட்டம் இல்லை. அன்று திங்கள்.

விளையாட்டு மேலாண்மை பீர்முகம்மதுவிடம் போனோம். போட்டியை நடத்துவது அவர்தான். அரியர் உள்ள தசையைப் பயன்படுத்தாமல் ஓடத் தடையில்லை என்றார். செவ்வாய் காலை அதையும் பார்த்தோம். இசக்கி இடது கெண்டைக்காலைப் பயன்படுத்தாமல் ஓடினாள். ஓடுதளம் ஒரு வட்டம் போட, அவள் அதைவிடச் சின்னதாக ஒரு வட்டம் போட்டு, உள்ளே புல்லில் போய் நின்றாள். நேரத்தைக் குறித்துக்கொண்ட பீர்முகம்மது அதை எங்களிடம் காட்டவில்லை.

மறுதேர்வு ஒன்றுதான் வழி. செவ்வாயும் புதனும் வியாழனும் நாலு மணிக்கு மேல் நான் அந்தக் கெண்டைக்காலுக்குப் பாடம் எடுத்தேன். இசக்கி காலை ஸ்டூலில் நீட்டிவைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். உன் பெயர் சோலியஸ், சொல்லு என்றேன். அது இறுகிக்கொண்டது. சத்தமாகச் சொன்னேன். கல் மாதிரி ஆகிவிட்டது. இசக்கி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

“அதட்டாதீங்க சார். அது அழுதுரும்.”

“அழட்டும். படிக்கட்டும்.”

“அது அழுதா எனக்குல்லா சார் வலிக்கும்.”

எனக்கு மெதுவாகப் பேச வராது. முயற்சி செய்தேன். அதுவும் அதட்டல் மாதிரிதான் வந்தது. வியாழக்கிழமை நான் வராந்தாவில் நடந்து வரும்போதே அது பிடித்துக்கொண்டது. உள்ளே இசக்கி நொண்டுவது கேட்டது. அப்படியே திரும்பிப் போய் காபி குடித்தேன். காபி நன்றாக இல்லை.

வெள்ளி காலை பீர்முகம்மது விதிப்புத்தகத்தோடு வந்தார். மறுதேர்வை லத்தீன் துறையைச் சேர்ந்த, இதே கல்லூரியில் லத்தீன் பாஸ் செய்த ஒருவர் நடத்த வேண்டும். அது எனக்கே தெரியும், நான் ஒருவன்தானே இருக்கிறேன், எதற்குப் படித்துக்காட்டுகிறீர் என்றேன்.

“பழைய ரெஜிஸ்டரைப் பாத்தேன் சார். உங்க தசை அறுநூத்துச் சொச்சமும் இங்கதான் பாஸ் பண்ணியிருக்கு.”

“பண்ணாம?”

“அப்புறம் துறையில ஆளு பஞ்சம்னு யாரு சொன்னா?”

என் தசைகளில் ஒன்றே தேர்வை நடத்தலாம் என்கிறார். கெண்டைக்காலுக்குக் கெண்டைக்காலே பொருத்தம் என்று ஹெப்சிபா மேடம் சொன்னார். என் இடது காலில் நரம்பு முடிச்சு இருக்கிறது, மாடி ஏறினால் முனகும் என்றேன். தேர்வு தரைத்தளத்தில்தான் என்றார் பீர்முகம்மது.

மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இசக்கி. அடியில் இரண்டு இடது கால்கள், நடுவில் ஒயர். நாங்கள் இரண்டு பேரும் குறுக்கிடக் கூடாது, கீழே பார்க்கக் கூடாது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். பெட்டி தாளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“உங்க காலும் கோவக்காரக் காலா சார்?”

“தெரியாது. நாங்க பேசிக்கிட்டதில்ல.”

நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. ஹெப்சிபா மேடம் தாளைக் கிழித்துக் கொடுத்தார். நல்ல லத்தீன். என் லத்தீனைவிட நல்ல லத்தீன். முதல் கேள்வியில் என் கால் அதன் பெயரைக் கேட்கவே இல்லை. ரொம்ப நாள் அடியில் கிடந்தாயே, வலித்ததா என்று கேட்டிருந்தது. அதற்கு இசக்கியின் கால் ஒன்றரைப் பக்கம் பதில் சொல்லியிருந்தது. பெயரை அதுவாகவே நடுவில் சொல்லிவிட்டது. எங்கே தொடங்குகிறது, குதிகாலில் எங்கே போய்ச் சேர்கிறது, யாரோடு சேர்ந்து வேலை செய்கிறது, எல்லாம் இருந்தது. என் கால் போட்ட மார்க் எழுபத்தாறு. ஒரு மார்க்கைக்கூட நான் தொடவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு தசையிடமும் வலித்ததா என்று கேட்டதில்லை. இசக்கி, போகட்டுமா சார் என்றாள். போ, போய்த் தூங்கு என்றேன். மெதுவாகத்தான் வந்தது.

சனிக்கிழமை அவள் இரண்டாவதாக வந்தாள். கடைசி வளைவில் இடது கால் அவளை உள்ளே விடாமல் பிடித்துக்கொண்டு போனது. ரயில்வேக்காரர்களுக்கு அது போதுமாக இருந்தது. பெயர், முகவரி வாங்கிக்கொண்டார்கள். அவள் பெயரை முதலிலும், காலின் பெயரைக் கீழேயும் எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை முதல்வரிடமிருந்து உத்தரவு வந்தது. இனி தசைகளின் தேர்வுகளை நான் நடத்த வேண்டாம், என் இடது கெண்டைக்கால் நடத்தும். ஆனால் தினமும் ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும், அவரைத் தனியாக அனுப்ப முடியாது. துறைத் தலைவரின் நாற்காலியில் இப்போது அவர் நீட்டிக்கொள்கிறார். நான் பக்கத்து ஸ்டூலில். பிள்ளைகள் வந்து குனிந்து வணக்கம் சொல்கிறார்கள். என் வலது கால் மூன்று நாள் லீவு கேட்டிருக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டேன். அறை வாசலில் புதுப் பலகை மாட்டியாயிற்று: பேராசிரியர் சோலியஸ், இடது.