மஞ்சள் வண்டிக்கு நீலக் கதவு

ரோவினா கயிற்றை இழுத்து முடிச்சுப் போடப் போடத் தார்ப்பாய் அவிழ்ந்துகொண்டு அவள் முகத்தில் அடித்தது. அப்பாவின் ஃபயர்பேர்ட் காரின் ஓட்டுநர் பக்கம் கதவில்லாமல் திறந்து கிடந்தது. இறுதிச் சடங்குக்குப் பொறுப்பான ஹென்ஸ்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதம்மா. கதவில்லாத வண்டிய ஊர்வலத்துல விடமாட்டேன். பேசாம உன் வண்டிய எடு."

"அப்பா கேட்டுக்கிட்டது இது ஒண்ணுதான் சார். பெட்டிக்குப் பின்னாடி முதல்ல வர்றது எங் குருவியா இருக்கணும்னார். இந்த வண்டியத்தான் அப்படிக் கூப்பிடுவார்."

"தெரியும்மா. பத்து மணிக்குக் கிளம்பணும்" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போனார். உள்ளே அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த பன்றித் தொடைக்கறியும் பீன்ஸும் மேசை கொள்ளாமல் இருந்தன. தொடத்தான் ஆளில்லை.

அப்பா அர்லிஸ் கோம்ஸ் முந்தாநாள் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். எழுபத்திரண்டு வயது. கெண்டக்கி மலையிலிருந்து தம்பி வெர்லினைக் கூட்டிக்கொண்டு இந்த நார்வுட்டுக்கு வந்து, கார் ஆலையில் பத்தொன்பது வருடம் கதவு மாட்டியவர். ஓட்டுநர் பக்கமான இடக் கதவு அண்ணன், வலக் கதவு தம்பி. ஒரே வரிசையில் ஃபயர்பேர்டும் வரும், கமாரோவும் வரும். மூக்கும் வாலும் வேறே தவிர, கதவு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் ஆளுக்கொரு வண்டி வாங்கினார்கள். அண்ணன் மஞ்சள் ஃபயர்பேர்ட், தம்பி நீலக் கமாரோ.

போன அக்டோபரில் மருந்துக்கடை வாசலில் அப்பா கதவைத் திறந்த நேரத்தில், ஒட்டி வந்த ரொட்டி லாரி அதைப் பிய்த்துக்கொண்டு போனது. அவருக்குக் கீறல்கூட இல்லை. மூக்கில் பிராணவாயுக் குழாயோடு நின்று, நசுங்கிக் கிடந்ததைப் பார்த்து, "வெர்லின் வண்டிக் கதவு அப்படியே பொருந்தும்" என்றார். 

வெர்லின் சித்தப்பா நாலு தெரு தள்ளித்தான் இருந்தார். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. ரோவினாவின் அம்மாவை அடக்கம் செய்த அன்று அவர் நன்றாகக் குடித்துவிட்டு வந்து, பூச்சாடிகளைத் தள்ளிக்கொண்டு பெட்டிமேலேயே சாய்ந்தார். அப்பா எல்லோர் முன்னாலும் சட்டையைப் பிடித்துத் தூக்கி, "எஞ் சாவுக்கு நீ வந்துடாதடா" என்றார். அந்த வாரமே சித்தப்பா குடியை விட்டார். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் அசையவில்லை.

நேற்று ரோவினா அவருக்குத் தொலைபேசியில் அப்பாவின் சாவைச் சொன்னாள். கூடவே கதவு விஷயத்தையும் சொன்னாள். "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

இப்போது தெருமுனையில் அந்தக் கமாரோவின் உறுமல் கேட்டது.

சித்தப்பா தொளதொளத்த கறுப்புக் கோட்டோடு இறங்கினார். கையில் கருவிப் பெட்டி.

"உள்ள வாங்க சித்தப்பா."

"வேணாம்மா. உயிரோட இருந்தப்பத்தான் அவன் பேச்சக் கேக்கல. செத்த பிறகாவது கேப்போம்." கருவிப் பெட்டியைக் கீழே வைத்தார். "என்னை வரக்கூடாதுன்னான். கதவு வரக்கூடாதுன்னு சொல்லலியே."

மண்டியிட்டுத் தன் வண்டியின் இடப் பக்கக் கீல்களில் ஸ்பானரை மாட்டினார். "அடியில பிடிச்சுக்கோ. இது பொணம் கனம் கன..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

கதவு விடுபட்டதும் மொத்த எடையும் ரோவினாவின் கையில் இறங்கியது. இருவரும் தள்ளாடித் தள்ளாடி அதை மஞ்சள் வண்டிக்குத் தூக்கி வந்தார்கள். அவள் முட்டுக்கொடுத்து நின்றாள். சித்தப்பா கண்ணால் பார்க்கவே இல்லை. உள்ளே கைவிட்டுத் துளைகளைத் தடவித் தடவி மரையாணிகளை முடுக்கினார்.

"இடப் பக்கம் அவன் வேலை. எனக்குக் கை வராது" என்றார் அவளைப் பார்க்காமல். "இன்னுங் கொஞ்சம் தூக்கு... அவ்வளவுதான். உங்கப்பன்னா இந்நேரம் மூணு கதவு மாட்டியிருப்பான். மாட்டிட்டு என்னைத் திட்டவும் திட்டியிருப்பான்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. ரோவினா கதவைப் பிடித்திருந்ததால் அவரைத் தொட முடியவில்லை. தோளால் அவர் தோளை இடித்தாள்.

முதல் தடவை கதவு சாத்தவில்லை. முழங்காலால் மேலே ஒரு நெம்பு நெம்பிவிட்டு மறுபடி தள்ளினார். 'டக்'கென்று உட்கார்ந்தது. நீலக் கதவின் விளிம்பு மஞ்சள் உடம்போடு ஒரு விரற்கடை இடைவெளியில், மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக நின்றது. சித்தப்பா அதில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

வெளியே வந்த ஹென்ஸ்லி மஞ்சள் வண்டியைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கமாரோவின் ஓட்டையைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"நான் உங்க ஊர்வலத்துல இல்லீங்க" என்றார் சித்தப்பா. "தற்செயலா அதே ரோட்டுல போறேன்."

ஹென்ஸ்லி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் வண்டிக்கு நடந்தார்.

மாண்ட்கோமரி சாலை ஏறும்போது பனித்தூவல் பிடித்துக்கொண்டது. விளக்குகளைப் போட்டுக்கொண்டு பதினோரு வண்டிகள் ஊர்ந்தன. மஞ்சள் வண்டியை ஓட்டிய ரோவினா ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் பின்னால் தேடினாள். எல்லோருக்கும் கடைசியில் கமாரோ வந்தது. சித்தப்பா ஒரு கையால் தொப்பியை அழுத்திப் பிடித்திருந்தார். கழுத்துப்பட்டை தோளுக்கு மேல் பறந்தது.

கல்லறைத் தோட்டத்தில் எல்லா வண்டிகளும் உள்ளே நுழைந்தன. கமாரோ மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது. பெட்டியை இறக்கித் துணிப்பந்தலின் கீழே வைத்தார்கள். பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் ஃபாதர்" என்றாள் ரோவினா.

ஈரப் புல்லில் குதிகால் செருப்பு புதையப் புதைய வாயில்வரை நடந்தாள். சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். வலப் பக்கக் கோட்டு கறுப்பாகவே இருந்தது. கதவில்லாத இடப் பக்கம் தோள், கை, புருவம், காது எல்லாம் பனி படிந்து வெள்ளை.

"இங்கேர்ந்தே கேக்குதும்மா. நீ போ."

அவள் போகவில்லை. கைக்குட்டையை எடுத்து அவர் காதைத் துடைத்தாள். பிறகு தோளைத் தட்டினாள். சித்தப்பா அவள் தட்டுவதற்கு வாகாகக் கையை நீட்டிக்கொடுத்தார். கடைசித் துகளும் போன பிறகு, இடது காலை வெளியே எடுத்துத் தரையில் ஊன்றினார்.