லேமினேஷனுக்குள் ஒரு தேதி

காலை ஒன்பது மணிக்கே கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் வாடகை ஒப்பந்தம், இன்னொருவர் கையில் பிறப்புச் சான்றிதழ். மிஷின் மூச்சு விடாமல் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. கடைக்காரரை எல்லோரும் ஜெராக்ஸ்காரர் என்பார்கள். அவர் மகளுக்குச் சின்ன ஜெராக்ஸ் என்று பெயர். ஊரார் தலையெழுத்து அத்தனையும் இந்த இருவர் கை வழியாகத்தான் போகும். ஆனால் ஒரு வரியைக்கூட அவர்கள் படிப்பதில்லை. படித்துக்கொண்டிருந்தால் வரிசை நகருமா?

ஜெராக்ஸ்காரருக்கு ஒரு பித்து உண்டு. முக்கியம் என்று தோன்றும் எந்தத் தாளையும் லேமினேட் செய்துவிடுவார். மகளின் ஒன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி, மனைவியின் மருந்துச் சீட்டு வரை எல்லாம் பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு பீரோவில் படுத்திருக்கும். போன வருடம் கல்லூரிகளுக்கு பைண்டிங் புத்தகங்கள் கொண்டுபோகப் பழைய கார் ஒன்று வாங்கினார்கள். மகள் அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்தாள். விற்றவர், "இன்சூரன்ஸ் இருக்கு, கவலையே படாதீங்க" என்று ஒரு தாளை நீட்டினார். அன்று மாலையே அது மிஷினுக்குள் போய்ப் பளபளவென்று வெளியே வந்தது. மகள் அதைக் காரின் முன்பெட்டியில் வைத்தாள். அதன் பிறகு அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. தாள் மட்டும் புத்தம் புதிதாகவே இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல். கல்லூரியில் பன்னிரண்டு மணிக்குள் புத்தகம் சேர வேண்டும் என்ற அவசரத்தில் அவள் வளைவைப் பார்க்காமல் திருப்பினாள். எதிரே சைக்கிளில் வந்த பெயின்டர் தூக்கி எறியப்பட்டார். ஹேண்டிலில் தொங்கிய வாளி கவிழ்ந்து, தெரு முழுக்க வெள்ளைப் பெயின்ட் ஓடியது. அந்த வெள்ளைக்கு நடுவே அவருடைய வலது கால் கோணலாக மடங்கிக் கிடந்தது. அவளே ஆளைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

பெயின்டரின் மனைவி அலறி அடித்துக்கொண்டு வந்தாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள், கையில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை. சின்ன ஜெராக்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தப்பு என்மேலதான்க்கா. ஆனா பயப்படாதீங்க, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. இங்க பாருங்க. நல்ல ஆஸ்பத்திரியாவே சேருங்க, எல்லாத்தையும் கம்பெனிக்காரங்க குடுத்துருவாங்க."

அந்த அம்மாள் பளபளக்கும் அட்டையைத் தடவிப் பார்த்தாள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்ற கொழுந்தனின் பேச்சைத் தள்ளிவிட்டு, தனியார் ஆஸ்பத்திரியில் நீட்டிய தாளில் எல்லாம் கைநாட்டு வைத்தாள். பெயின்டருக்கு இரண்டு ஆபரேஷன் நடந்தது.

கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதே சின்ன ஜெராக்ஸுக்குப் பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. போலீஸ் பயம், அழுகை, அப்பாவின் திட்டு. இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். போனை எடுத்த அலுவலர் எண்ணைக் கேட்டார். கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் வந்தது.

"மேடம், இந்தப் பாலிசி விபத்துக்குப் பத்தொன்பது நாளைக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சே."

"முடிஞ்சிருச்சா? யாரும் எங்ககிட்ட சொல்லவே இல்லையே சார்!"

"மெசேஜ் போயிருக்கு. ஆனா பழைய ஓனரோட நம்பருக்கு. நீங்க பேரே மாத்தல. வண்டி வாங்கினதும் பாலிசிய உங்க பேருக்கு மாத்தணும், எது எதுக்குச் செல்லும்னு படிக்கணும், விபத்து நடந்தா அன்னைக்கே சொல்லணும். இது அடிபட்டவங்களுக்காகப் போடுற பாலிசிம்மா. உங்க வண்டிக்குக்கூட இதுல ஒண்ணும் கிடையாது. தேதி முதல் பக்கத்துலயே இருக்கு, பாருங்க."

பார்த்தாள். கொட்டை எழுத்தில் இருந்தது.

விஷயத்தைக் கேட்ட ஜெராக்ஸ்காரர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். லேமினேஷனைக் கத்தியால் கீறித் தாளை உரித்து ஸ்கேனரில் வைத்தார்.

"ஒரே ஒரு எண்ண மாத்தினாப் போதும் பாப்பா. அஞ்சு நிமிஷ வேலை. அந்தம்மா கையில ஒரு காப்பியக் குடுத்துருவோம். கம்பெனி இழுத்தடிக்குதுன்னு சொல்லிக்கலாம்."

"அப்பா, அவங்க கம்ப்யூட்டர்ல இருக்குமே!"

"அது தெரியறதுக்குள்ள நாளாகும். கேஸு, கோர்ட்டுன்னு போனா உன் லைசென்ஸு, உன் கல்யாணம் எல்லாம் போயிரும். வாய மூடிக்கிட்டு இரு."

மிஷின் முனகியது. மாற்றிய தேதியோடு சூடான தாள் வெளியே வந்து விழுந்தது. அப்படி ஒரு சுத்தமான வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. அந்த நேரம் பார்த்துப் பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து பெயின்டரின் மனைவி உள்ளே வந்தாள். கையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் ஒரு கத்தை.

"மூணு காப்பி போடு தாயி. கம்பெனிக்குக் குடுக்கணும்னியே. ஆஸ்பத்திரியில தினமும் நெருக்குறாங்க. உங்க இன்சூரன்ஸ் காப்பியும் ஒண்ணு குடு."

ஜெராக்ஸ்காரர் சிரித்த முகத்தோடு புதுத் தாளை எடுத்து நீட்டப்போனார். மகள் எட்டிப் பிடுங்கி அதை நாலாகக் கிழித்தாள்.

"அக்கா, இது பொய். இன்சூரன்ஸ் இல்ல. நான் இடிக்கிறதுக்கு முன்னாடியே அது முடிஞ்சுபோச்சு."

அந்த அம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே தாள் கட்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"வண்டிய வித்துத் தர்றோம்க்கா. மீதியையும் மாசா மாசம் நான்..."

"வண்டி வித்த காசு எத்தன நாளைக்கு வரும்? அவரு இனிமே ஏணி ஏற முடியாதாம். காலையில டாக்டரு சொன்னாரு. நாந்தான் அவருகிட்ட, கவலப்படாதய்யா, அந்தப் பொண்ணு காகிதம் வெச்சிருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்."

சின்ன ஜெராக்ஸால் தலை நிமிர முடியவில்லை. இத்தனை வருடமாக எத்தனையோ பேரின் பாலிசிகளை இதே மேஜையில் வைத்து நகல் எடுத்திருந்தாள். ஒருவரிடம்கூடத் தேதி பார்த்தீர்களா என்று கேட்டதில்லை, தன்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை.

பெயின்டரின் மனைவி எழுந்தாள். உரித்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை மேஜையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, அதைச் சின்ன ஜெராக்ஸின் கையில் வைத்தாள்.

"போலீசு புடிச்சாக் காட்டத்தான் இந்தக் காகிதம்னு நெனச்சுட்ட இல்ல? இது உனக்கில்ல தாயி. உன் வண்டிக்கு முன்னாடி வர்ற எங்களுக்கு. நான் எழுதப் படிக்கத் தெரியாதவ, உன் வாய் வார்த்தைய நம்பிக் கைநாட்டு வெச்சேன். நீ படிச்சவளாச்சே. வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் படிச்சிருக்கக் கூடாதா?"