துப்பாக்கிக்கு ஒரு விளக்கு

ஷெரிப் லைல் பிராண்ட் அந்த அட்டைப்பெட்டியை மேசையின் குறுக்கே மார்லா குசேராவின் பக்கம் தள்ளியபோது, அவர் முகத்தில் கல்யாண வீட்டுக்காரரின் பூரிப்பு இருந்தது.

"ஆளுக்கு ஒண்ணு வரும். எல்லாம் ஹார்லன் வோஸ் வாங்கிக் குடுத்தது. நீ போட்டுப் பாத்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு. சனிக்கிழமை சர்ச்சுல பான்கேக் விருந்து இருக்குல்ல, அங்கேயே அவர் கையால வாங்கி போட்டோ எடுத்துடலாம்."

மார்லா பெட்டியைத் திறந்தாள். கைத்துப்பாக்கியின் குழாய்க்கு அடியில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ரெயில் ஒன்று இருக்கும். அதில் மாட்டுகிற விளக்குகள். உள்ளங்கையில் அடங்கிவிடும் சாமான்தான், ஆனால் ஒரு மாட்டுக் கொட்டகையையே பகலாக்கிவிடும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மேற்குக் கோடியில் இருந்த அந்த மாவட்டத்தில் ஷெரிபையும் சேர்த்து ஒரு டஜன் போலீஸ்கூடக் கிடையாது. அவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பது சார்ஜென்ட் மார்லாவின் பொறுப்பு. எந்தத் துப்பாக்கி, எந்த உறை என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். விளக்கு வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவளும் அவளே. பனிக்காலத் தொடக்கத்தில் பெரிய மாட்டுப் பண்ணைக்காரரான வோஸின் கன்றுக் கொட்டகையில் திருடன் புகுந்திருக்கிறான் என்று டெபுட்டி டுவைட் ஹ்ருஸ்கா போனான். ஒரு கையில் டார்ச், மறு கையில் துப்பாக்கி. சாணியில் வழுக்கி விழுந்ததும் டார்ச் தீவனத் தொட்டிக்குள் போய்விட்டது. இருட்டில் கிடந்தவனை மிதித்துக்கொண்டு திருடன் ஓடினான். டுவைட்டுக்கு விலா எலும்பு முறிந்தது. அதைப் பார்த்து மனம் இளகித்தான் வோஸ் இந்தப் பெட்டியை வரவழைத்திருந்தார்.

மார்லாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பட்டன் இருந்த இடத்தைப் பார்த்ததும் ஒன்றை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த விளக்கிலிருந்து வால் மாதிரி ஒன்று பின்னால் நீண்டு, ட்ரிகருக்குக் கீழே போய், பிடியின் முன்பக்கம் நடுவிரல் படுகிற இடத்தில் பட்டனாக முடிந்தது. பிடியை இறுக்கினால் எரியும், தளர்த்தினால் அணையும்.

டெபுட்டிகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "தேடவே வேணாம், சார்ஜென்ட். பிடிச்சா வெளிச்சம்," என்றான் டுவைட். உண்மைதான். அவளே சுடுதளத்தில் மாட்டிப் பார்த்தபோது, இவ்வளவு வசதியான ஒன்றைக் கையில் எடுத்ததில்லை என்று தோன்றியது. இருந்தாலும் ஊரில் இருந்த துப்பாக்கிக் கடைக்குப் போய், வேறொரு ரகத்தில் ஒரே ஒரு விளக்கை இரவலாக வாங்கி வந்தாள். அதற்கு வால் கிடையாது. பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல். இடது கைக் கட்டைவிரலால் தட்ட வேண்டும். கொஞ்சம் பழகினால்தான் வரும்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊருக்கு வெளியே இருந்த பழைய உருளைக்கிழங்குக் கிடங்குக்கு எல்லாரையும் கூட்டிப்போனாள். பாதி மண்ணுக்குள் புதைந்த கட்டடம், ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் தன் கை தனக்கே தெரியாது. பயிற்சித் துப்பாக்கிகளில் பச்சைச் சாயக் குண்டுகள், எல்லாருக்கும் முகமூடி. உள்ளே நிற்கப்போகிற ஆள் ஓபல் யென்சன். அலுவலகத்தில் வயர்லெஸ்ஸும் அவசர போனும் பார்த்துக்கொள்பவள், அறுபதைத் தாண்டியவள், யார் கூப்பிட்டாலும் எதற்கும் வந்துவிடுபவள். சிலமுறை கையில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருப்பாள், சிலமுறை போன். பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

எல்லாரும் ஓரளவு ஒழுங்காகத்தான் செய்தார்கள். கடைசியாக மார்லா போனாள்.

இருட்டில் அவளுக்குத் தன் மூச்சு மட்டும் கேட்டது. முகமூடிக்குள் வியர்த்தது. வலது பக்கம் ஓபல் நகர்கிற ஓசை. அப்போது ஓபலின் கால் பட்டு, அடுக்கி வைத்திருந்த தகர வாளிகள் தடதடவென்று சரிந்தன. வெளிச்சம் வேண்டும் என்று மார்லா நினைத்தாள். நினைத்தது அது மட்டும்தான். வெளிச்சம் வந்தது, கூடவே படார் என்று ஒரு சத்தமும்.

ஓபல் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய மேல்கோட்டில், நெஞ்சுக்கு நடுவே, பச்சைச் சாயம் வழிந்தது.

"அடிப்பாவி," என்றாள் ஓபல் நிதானமாக. "வாளியை இடிச்சதுக்கா சுடுவே?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். மார்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ட்ரிகரில் விரல் வைக்காதே, குழாயோடு நீட்டி வை என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொடுப்பவள் அவள். விரல் எப்போது உள்ளே போனது என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. நடுவிரலை இறுக்கச் சொன்னாள், கை மொத்தமும் இறுகிவிட்டது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

மறுபடி எல்லாரையும் உள்ளே அனுப்பினாள். இம்முறை அவளே வாளிகளை உதைத்தாள். கையில் போனோடு நின்ற ஓபலை டுவைட்டும் சுட்டான். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. நெம்புகோல் விளக்கை மாட்டிக் கொடுத்தபோது சிலர் தடுமாறினார்கள், ஒருவனுக்கு விளக்கே எரியவில்லை. ஆனால் யாரும் ஓபலைச் சுடவில்லை.

அன்று சாயங்காலம் ஷெரிப் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு தடவை கை தவறியிருக்கு. இன்னும் நல்லா பழக்கு. அவ்வளவுதானே?"

"நான்தான் லைல் பழக்குறவ. எனக்கே தவறிச்சே."

"அப்ப தப்பு விளக்கு மேலயா, உன் கை மேலயா?"

"என் கை மேலதான். அதனாலதான் சொல்றேன். பயந்தா எல்லார் கையும் அப்படித்தான் இறுகும். கையை மாத்த முடியாது, பட்டனை மாத்தலாம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "வோஸ் ரோஷக்காரர். ஆம்புலன்ஸ் கேட்டிருக்கோம் அவர்கிட்ட, தெரியும்ல? நான் போய்ச் சொல்ல மாட்டேன். சொல்லணும்னா நீயே போய்ச் சொல்லு."

அந்த இரவு அவள் தூங்கவில்லை. கண்ணை மூடினால் பச்சைச் சாயம் சிவப்பாக வழிந்தது. பேசாமல் சரி என்று சொல்லிவிட்டால் என்ன என்றும் தோன்றியது. எங்கோ பட்டணங்களில் போலீஸ்காரர்கள் இதையே மாட்டிக்கொண்டு அலைகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே. ஆனால் ஆகிற அன்றைக்கு அந்த இடத்தில் டுவைட் நிற்பான். 'சார்ஜென்ட் சரின்னு சொன்னாங்க' என்பான்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுக்கப் போனபோது, முன் சீட்டில் ஓபல் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாயக் கறை படிந்த மேல்கோட்டு.

"எனக்கு லீவு. சும்மா காத்து வாங்க வரேன்."

"வெளிய பனி கொட்டுது ஓபல்."

"அந்தக் காத்துதான்."

வோஸ் பண்ணையில் கன்று ஈனும் பருவம். அவர் முழங்கை வரை அழுக்கோடு கொட்டகையிலிருந்து வந்தார், எழுபது வயதிலும் நிமிர்ந்த ஆள். மார்லா வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"கடையில இருக்கறதுலயே உசத்தி எதுன்னு கேட்டு வாங்கினேன்," என்றார் வோஸ். "என் சாமான் ஆகாதுங்கிறே."

"சாமான் நல்ல சாமான்தான். எங்க கைக்கு ஆகாது."

"அப்ப கையில வலு இல்லாதவங்களை எதுக்கு வேலைக்கு வெச்சிருக்காரு லைல்?"

மார்லா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஓபல் மேல்கோட்டை விரித்து வேலிக் கம்பி மேல் போட்டாள்.

"இந்த ஊர்லயே குறி தப்பாம சுடுறவ இவதான் ஹார்லன். பாருங்க, நட்ட நடுவுல. நான் கையில வெச்சிருந்தது போன்."

வோஸ் கறையைப் பார்த்தார். விரலால் ஒருமுறை தொட்டும் பார்த்தார்.

"கன்னு ஈனுற மாசத்துல இந்தக் கொட்டகைல இருட்டுல நடமாடுறது நீங்கதான்," என்றாள் ஓபல். "டுவைட் வந்த அன்னிக்குக்கூட டார்ச் எடுக்காம பின்வாசல் வழியா நீங்க உள்ள வந்தீங்க. போன்ல எனக்கு அதைச் சொன்னதே நீங்கதானே."

உள்ளே ஒரு பசு அடித்தொண்டையில் கத்தியது. வோஸ் திரும்பி நடந்தார். பாதி தூரம் போனதும் நின்றார்.

"கடைக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன். எது வேணுமோ மாத்திக்குங்க. ஆனா பான்கேக்குக்கு நான் வர மாட்டேன்னு லைல்கிட்ட சொல்லிடு."

சொன்னபடியே அவர் வரவில்லை. போட்டோவும் இல்லை. ஷெரிப் அந்த மாதம் முழுக்க மார்லாவிடம் வேலை விஷயம் தவிர வேறொன்றும் பேசவில்லை. ஆம்புலன்ஸ் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. நெம்புகோல் விளக்குகள் வந்தன, அவற்றுக்குப் பழைய உறைகள் பொருந்தாமல் புதிய உறைகளும் வந்தன. அவள் தினமும் எல்லாரையும் கட்டைவிரலால் தட்ட வைத்தாள். கூடவே இன்னொன்றையும் ஓயாமல் சொன்னாள். தேடுறதுக்குக் கையில டார்ச் இருக்கு. துப்பாக்கி விளக்கு எதைக் காட்டுதோ, அதைத்தான் துப்பாக்கியும் பாத்துக்கிட்டு இருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒரு பனிப்புயல். நாலு மணிக்கே பொழுது மங்கிவிட்டது. நெடுஞ்சாலையில் மூடிக் கிடந்த ஒரு லாரிப் பட்டறையின் பூட்டு உடைந்திருப்பதாகத் தகவல் வந்தது. மார்லாவும் டுவைட்டும் போனார்கள். ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. டார்ச்சைத் தரையில் காட்டியபடி அவள் முன்னால் போனாள். பழைய டயர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய உருவம் சட்டென்று எழுந்தது. கையில் ஏதோ நீளமாக மின்னியது.

டார்ச் கீழே விழுந்ததோ, அவளே விட்டாளோ தெரியாது. துப்பாக்கி கையில் இருந்தது. இடது கட்டைவிரல் தட்டியது.

வெள்ளை வெளிச்சத்தில் தாடி வைத்த ஓர் ஆள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். கையில் தெர்மாஸ் பிளாஸ்க்.

"சுட்டுடாதீங்கம்மா. லாரில டீசல் உறைஞ்சு போச்சு. குளிர் தாங்கல, அதான் உள்ள வந்தேன்."

மார்லா வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கினாள். அப்போதுதான் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். அது குழாயோடு ஒட்டி, நேராக, விறைத்துப்போய்க் கிடந்தது.

டுவைட் அந்த ஆளைச் சோதித்துப் பார்த்துப் பின் சீட்டில் ஏற்றினான். மார்லா முன்னால் உட்கார்ந்தாள். வயர்லெஸ்ஸில் ஓபல் கூப்பிட்டாள்.

"பட்டறைல என்ன நிலவரம்?"

"ஒண்ணுமில்ல. குளிர்ல மாட்டின லாரி டிரைவர். கூட்டிட்டு வரோம்."

டுவைட் சாவியைத் திருகிவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அந்த வால் வெச்ச விளக்கா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும், சார்ஜென்ட்?"

"தெரியல டுவைட்."

உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றும் ஆகாமல்கூடப் போயிருக்கலாம்.

பின்னாலிருந்து அந்த ஆள், ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமா என்று கேட்டான். அவள் கையை நீட்டிக் கூட்டி வைத்தாள்.