ஒரு ரூபாய்க்கு ஒரு சாண்

எங்கள் ஊரில் பெட்ரோல் விலை ஒரு ரூபாய் ஏறினால் கரண்ட் கார் ஒரு சாண் வளரும். பெட்ரோல் கார் ஒரு சாண் சிறுக்கும். விலை இறங்கினால் இரண்டும் பழையபடி ஆகிவிடும். எல்லாம் காலை ஆறு மணிக்கு. அந்நேரம் காருக்குள் இருப்பதும் கூடவே மாறும். விற்கும்போதே எழுதித் தருகிறார்கள். படிக்காதவன் தப்பு.

என் மகன் கோமதிநாயகம் படிக்கவில்லை. பதினோரு அடிக் கரண்ட் கார் ஒன்றை வாங்கி என் அறைச் சுவருக்கு எதிரே நிறுத்தினான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். எங்கேயோ சண்டை வந்தது, விலை ஏறியது. வளர்ந்த ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூஜை போட்டான். எலுமிச்சம்பழம் போய்ப் பூசணிக்காய் வந்தது. உள்ளே மறந்துவிட்ட குடையை மொட்டைமாடியில் விரித்தான். மருமகள் செண்பகம் அதன் கீழே வற்றல் காயப்போட்டாள்.

நான் நில அளவையில் முப்பது வருஷம் இருந்தவன். தினமும் டேப் பிடித்தேன். காருக்கும் சுவருக்கும் நடுவே கடைசியில் ஒரு சாண்தான் மிச்சம்.

"எப்பா, சுவர இடிக்கணும்."

"விலை இறங்கும். பொறு."

"எப்ப?"

"போடா அங்கிட்டு."

என் பெண்டாட்டி கண்ணை மூடிய அறை அது. வேறு சொல்வதற்கு இல்லை.

பக்கத்து வீட்டு ஞானதுரையிடம் பெட்ரோல் கார். அது ஷோகேஸில், கல்யாணப் பரிசாக வந்த கடிகாரத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவுவார். சாவி மட்டும் பழைய அளவில் சட்டைப் பையில் கிடந்தது.

"அண்ணாச்சி, நாளைக்கு ரெண்டு ரூவா ஏறுதாம்லா. ஏறுனா என்ன, ஒருநா திரும்பும்" என்றார்.

"வாயக் கழுவும் வே."

ஏறியது இரண்டேகால். சுவர் போயிற்று. கார் பின்பக்கமாக என் அறைக்குள் வந்து நின்றது. ஹாலில் படுக்கச் சொன்னான் மகன். கார் நிற்கிற இடம் என் அறை. நான் ஏன் ஹாலுக்குப் போக வேண்டும்? கடைசி சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலை உள்ளே போடச் சொன்னேன்.

"கால நீட்டிப் படுக்கலாம் மாமா. நம்ம ரூம்ல காத்தே கெடையாது. இதுல ஏசி வேற" என்றாள் செண்பகம்.

"காபியில சர்க்கரையப் போடு முதல்ல."

"டாக்டர் ஒரு ஸ்பூன்தான் சொல்லியிருக்காரு."

எட்டு நாள் அங்கே படுத்தேன். ஒன்பதாம் நாள் சண்டை நின்றது. விலை ஏறினதெல்லாம் ஒரே நாளில் இறங்கியது. ஆறு மணிக்கு நான் தூக்கத்தில் இருந்தேன். கார் இருபத்திரண்டு அடியிலிருந்து பதினோரு அடிக்குப் போனது. நான், கட்டில், மூக்குக்கண்ணாடி, டேப் எல்லாம் பாதியாகப் போனோம். பக்கத்து வீட்டில் ஷோகேஸ் உடைகிற சத்தம் கேட்டது. ஞானதுரை சாவியைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் காரின் முன்பாதி தெருவில் இருந்தது.

"சொன்னம்லா அண்ணாச்சி, திரும்பும்னு."

"வாசல அடைக்காம எடும் வே."

மகன் என்னை இடுப்பில் தூக்கி இறக்கினான். காரை எடுத்துத் தெருவில் விடச் சொன்னேன். விட்டான். கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டான். நாலே நாளில் சுவர் எழுந்தது. கட்டிலைப் பெண்டாட்டி படுத்திருந்த மூலையில் போட்டேன்.

அப்புறம் டேப் பிடித்தேன். இடிவதற்கு முன் பத்தடி இருந்த அறை. இப்போது இருபது அடி. இரண்டு தரம் அளந்தேன், இருபதுதான். இத்தனை வருஷம் நெருக்கடியில் கிடந்திருக்கிறோம் இரண்டு பேரும்.

செண்பகம் இருமல் மருந்து மூடியில் காபி கொண்டுவந்தாள். டாக்டர் சொன்ன அதே ஒரு ஸ்பூன் சர்க்கரைதான் போட்டிருந்தாள்.

சரியாக இருந்தது.