ஆனிக்கு வந்த சப்ஜெக்ட் வரி

முப்பத்தொரு மணி நேரமாக ஆனி சரியாகச் சாப்பிடவில்லை. நேற்றுக் காலை பதினொரு மணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து மெயில் வந்தது. அதன் சப்ஜெக்ட் வரி: "ஆனி, உங்கள் ரிப்போர்ட்டில் ஒன்றைக் கவனித்தோம்…"

திறந்து பார்த்தால் எல்லா எண்களும் சரியான அளவில் இருந்தன. கீழே, முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி. ஆனி எண்களை நம்பவில்லை. அந்த வரியை நம்பினாள். நாளைக் காலைக்கு ஸ்கேனுக்குப் பதிவும் செய்துவிட்டாள்.

மகள் பியூலா மூன்றாம் முறையாக ரிப்போர்ட்டை வாசித்தாள். "சுகர் நார்மல். கிட்னி நார்மல். நான் பயோகெமிஸ்ட்ரி படிச்சவதானம்மா?"

"எல்லாம் நார்மல்னா எதுக்குட்டி என் பேரைப் போட்டு எழுதுதான்? அவனுக்கு வேற வேலை இல்லையா?"

அப்பா கிதியோன் பேப்பரை மடித்தார். "டென்ஷன் நக்கோ ஆனி, பயப்படாத."

"உங்களுக்கென்ன? கேஸ் சிலிண்டர் புக் பண்ணுத நம்பர் தெரியுமா முதல்ல? நான் போயிட்டா பச்சத்தண்ணிதான்."

அவர் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

பியூலாவின் போன் அதிர்ந்தது. மாதாப்பூரில் அவள் வேலை பார்க்கும் விளம்பர ஆபீஸிலிருந்து டீம் லீடர் அக்ஷதா அனுப்பியிருந்தாள்: 'லேப் மெயிலுக்கு நீ எழுதின வரிதான் ஜெயிச்சிருக்கு! நூற்றுக்கு அறுபது பேர் திறந்திருக்காங்க. திங்கட்கிழமை மீட்டிங்ல நீதான் பேசணும்.'

வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதத்தில் முதல் பாராட்டு. அம்மா நம்பிய அந்த வரியின் தொடக்கத்தில், பெயர் வரவேண்டிய இடத்தை பியூலா காலியாகத்தான் விட்டிருந்தாள். கம்ப்யூட்டர் அதை நிரப்பிக்கொண்டது. வீட்டிலோ, அவள் ஏதோ மருத்துவ ஆராய்ச்சி செய்வதாகச் சபை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். அவளும் மறுத்ததில்லை.

"போன்ல யாரு?"

"ஆபீஸ்மா."

"உங்க ஆபீஸ்ல பெரிய டாக்டருங்க இருப்பாங்கள்லா? கேட்டுச் சொல்லேன்."

பியூலா தன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"பாத்தீங்களா, பிள்ளையே மறைக்குது." ஆனியின் கண் நிறைந்துவிட்டது. தன் போனை எடுத்தாள். "பாஸ்டரம்மாகிட்ட சொல்லிருதேன். ஞாயித்துக்கிழமை சபையில எனக்காக ஜெபம் பண்ணட்டும்."

மறுமுனையில் மணி அடிப்பது மூவருக்கும் கேட்டது. பியூலா எட்டி அம்மாவின் கையோடு போனைப் பிடித்து அழைப்பைத் துண்டித்தாள்.

"அந்த வரியை எழுதினது நான்தாம்மா. அதுதான் என் வேலை. எல்லாருக்கும் அதே வரிதான் போச்சு. உங்க ரிப்போர்ட்டை அங்க யாரும் பாக்கவே இல்ல."