போடாத தண்டவாளத்தில் தெய்வானை

1954-ஆம் ஆண்டு ஆவணி மாதம், கல்யாணமான நான்காம் நாள் காலையில், மலாக்காவின் காஜா பெராங்கில் தெய்வானை வாசலுக்கு வெளியே எடுத்து வைத்த கால் வாசலுக்கு உள்ளேயே வந்து ஊன்றியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் உள்ளேதான். தெருவில் வாடகைக் கார் நின்றது, சீர்ப் பாத்திரங்கள் ஏறிவிட்டன, மாப்பிள்ளை சேதுராமன் முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டான். அவன் தம்பின் ரயில் நிலையத்தில் தடம் மாற்றிவிடும் வேலை பார்ப்பவன். மறுநாள் காலை வேலைக்கு நிற்க வேண்டும். பெண்கள் இரண்டு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். தூக்கியவர்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், கைகள் காலியாக இருந்தன. அவள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான்கு மணி வரை முயன்றுவிட்டு, கார் பாத்திரங்களோடும் மாப்பிள்ளையோடும் புறப்பட்டுப் போனது. வாடகை பதினெட்டு வெள்ளி.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. மலாக்காவுக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போரின்போது ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு, பழைய கரி வண்டி வேண்டாம், நாற்பதே நிமிடத்தில் தம்பின் போய்ச் சேரும் அதிவேக ரயில் வேண்டும் என்று நகரசபை உறுப்பினர் அப்பாசாமி கூட்டத்துக்குக் கூட்டம் பேசிவந்தார். கோலாலம்பூர் சட்டசபையில் பாதிப் பேர் பதினோரு மில்லியன் வெள்ளி கொடுக்கலாம் என்றார்கள், பாதிப் பேர் அந்தப் பணத்தில் ரோடு போடலாம் என்றார்கள். சண்டை முடியும்வரை சும்மா இருப்பானேன் என்று நிலத்தை அளக்க மட்டும் ஆள் அனுப்பினார்கள். அவர்கள் அறுபத்தாறு அடி அகலத்துக்கு இருபுறமும் சிவப்பு முனை வைத்த கட்டைகளை அடித்துக்கொண்டே போனார்கள். ரயில் வந்து நிற்கப்போகும் கடைசி இடம், தெய்வானையின் அப்பா ஏகாம்பரத்தின் வீடு. முதல் கட்டை அவருடைய முற்றத்தின் ஈசான மூலையில் இறங்கியது.

அன்றைக்குத்தான் அந்த மூலையில் பந்தக்கால் நடுவதாக இருந்தது. மூங்கில் கொண்டுவர வேண்டிய வண்டி பத்து பெரெண்டாம் என்ற ஊரருகே அச்சு முறிந்து நின்றுவிட்டது. நல்ல நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஏகாம்பரம் சிவப்புக் கட்டையைப் பார்த்தார். "ஈசான மூலையில, நல்ல நேரத்துல, கவர்மெண்டே நட்டுக் குடுத்துருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். ஐந்து சுமங்கலிகள் அந்தக் கட்டைக்குப் பால் ஊற்றி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து கட்டி, மாவிலை செருகி, கற்பூரம் காட்டினார்கள். பந்தக்கால் நட்டபின் காரியம் முடியும்வரை பெண் வாசல் தாண்டக் கூடாது என்பது நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தானே. கார் போனபின் துக்காங் எமாஸ் தெருக் கோயிலிலிருந்து வந்த குருக்கள் கட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கல்யாணத்துக்கு நட்டிருந்தா கல்யாணம் முடிஞ்சதும் விட்டிருக்கும். இது ரயிலுக்கு நட்டது. ரயில் வந்தாத்தான் விடும்."

"அப்ப புடுங்கிப் போட்டுர வேண்டியதுதானுங்களே?" என்றார் ஏகாம்பரம்.

"புடுங்கு. இருநூறு வெள்ளி அபராதம்னு நோட்டீசு ஒட்டிருக்கான், படிச்சியா?"

அபராதத்துக்குத் துணிந்து மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் கட்டை அசையவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டசபைச் செய்தியை ஜாதகம் போலக் கேட்டார்கள். பேர் போடக்கூடத் தெரியாத அம்மா அலமேலு, 'உபகுழு', 'ஒத்திவைப்பு', 'திருத்தத் தீர்மானம்' என்ற சொற்களை வெங்காய விலையைப் போலச் சொல்லப் பழகினாள். 1955 தேர்தலுக்கு அப்பாசாமி கூட்டத்தை அந்த முற்றத்திலேயே போட்டு, தெய்வானையை மேடையில் நிறுத்தி, "இந்தப் பெண்ணின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டார். அவள் அழவில்லை, வியர்த்திருந்தது. மறுவாரம் ரோடு கட்சிக்காரர், லாரிகள் வைத்திருந்தவர், அதே முற்றத்துக்கு வந்து, ரயில் வருகிறபோது வரட்டும், தங்கச்சி அதுவரை வசதியாக இருக்கட்டும் என்று பிரம்பு நாற்காலி ஒன்றைக் கொடுத்தார். "நாற்காலி எதுக்குங்க? உக்காந்து உக்காந்துதான சலிச்சுப் போச்சு" என்றாள் தெய்வானை. கூட்டம் கைதட்டியது. ஓட்டுப்பெட்டி பள்ளிக்கூடத்தில் இருந்தது; அவளால் அங்கே போக முடியவில்லை.

சேதுராமன் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பஸ்ஸில் வந்து, சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போனான். நல்லவன்தான், ஆனால் அவனுக்கு ஓர் அம்மா இருந்தாள். "வந்து வாழாத பொண்ணு என்னடா பொண்ணு?" என்று அவள் கேமாசில் வேறொரு பெண்ணைப் பார்த்து, 1956 பங்குனியில் தாலி கட்ட நாளும் குறித்துவிட்டாள். சேதுராமன் அதைச் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமலே மூன்று தட்டு சோறு சாப்பிட்டான். தெய்வானைக்குப் புரிந்துவிட்டது.

அந்த மாசியில், சுதந்திரத்துக்குத் தேதி சொல்லப்போகிறார்கள் என்று ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போய்விட்டது. தெய்வானை மட்டும் இருந்தாள். அடைகாத்த கோழி ஒன்று பின்வேலியில் புகுந்து ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கம் செட்டிக் குடும்பத்துச் சாரதாம்பாளின் அடுக்களை. கோழியைப் பிடிக்கிற அவசரத்தில் தெய்வானை வேலியைத் தாண்டிவிட்டாள். தாண்டிய கால் தாண்டிய இடத்திலேயே ஊன்றியது. அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த சாரதாம்பாள், மலாக்காச் செட்டிகளில் பலரைப் போலத் தமிழ் பேசாதவள், "மாவ் பி மானா?" என்று மலாயில் கேட்டாள். எங்கே போகிறாய் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டுத் தெய்வானை நிமிர்ந்து பார்த்தாள். அடுக்களைக்கு அந்தப் பக்கம் அடுத்த சிவப்புக் கட்டை தெரிந்தது.

அவளைக் கட்டியிருந்தது வீடு அல்ல, ரயில்பாதை. இதை யோசிக்க ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது பாருங்கள், எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததால். அவள் வடக்கே நடந்தாள். கட்டைகள் போன வழியெல்லாம் போனாள்: ஒரு கூடத்தின் நடுவே, ஒரு கோழிக்கூட்டின் மேலே, ரப்பர் மர வரிசைகளுக்கிடையே. அலோர் காஜாவில் ஒரு பெட்டிக்கடை கட்டைக்கு வெளியே ஆறடியில் இருந்தது. தாகத்தோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் கிளாஸை நீட்டிக் கொடுத்தார். இருபத்தோரு மைல் நீளம், அறுபத்தாறு அடி அகலம். அவ்வளவு பெரிய சிறையை மலாக்காவில் யாரும் பார்த்ததில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கடைசிக் கட்டைக்கு வந்தாள். நிலம் அளக்க ஒதுக்கிய பணம் அங்கேயே தீர்ந்துபோயிருந்தது. தம்பின் நிலையத்தின் கூரை அரை மைலில் தெரிந்தது. ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி ஒருவரிடம் சொல்லி அனுப்பினாள். சேதுராமன் கையில் பச்சைக் கொடியோடு ஓடிவந்தான்.

"எப்படி வந்த?"

"லைன்லதான்."

"எந்த லைன்ல?"

"கவர்மெண்டு போடாத லைன்ல. உங்கம்மாகிட்ட சொல்லுங்க, மருமக வந்துட்டா, இன்னும் அரை மைலுதான் பாக்கின்னு."

மாமியார் வந்தாள். வைய வேண்டியதையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். மருமகளின் காலைப் பார்த்தாள். உள்ளங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. "தேங்காயெண்ணெ தடவு" என்று மட்டும் சொன்னாள். கேமாஸ் பேச்சு அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு தெய்வானை தினமும் காலை ஆறு நாற்பதுக்குப் புறப்பட்டாள், இரவுக்குள் திரும்பினாள். ஒதுக்கிய நிலத்தில் குடிசை போட அனுமதி இல்லாததால் தம்பின் பக்கம் தங்க முடியவில்லை. முதலில் ஏழு மணி நேரம் ஆனது. சுதந்திரம் வந்த மாதம் மூன்று மணி நேரம். 1958-இல் ஒன்றரை. வழியில் இருந்தவர்கள் அந்த நேரத்துக்கு முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைத்து, கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துவிடுவார்கள். கடுதாசி, மருந்து, ஒருமுறை ஒரு மாவு அரைக்கும் கல் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். மகள் மல்லிகா பிறந்தபோது அவளையும் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அந்த வேகத்தின் காற்றில் குழந்தைக்கு மூச்சு முட்டியது. அதனால் தம்பினில் மாமியாரிடமே விட்டாள். பகலெல்லாம் கடைசிக் கட்டைக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். ஒருநாள் குழந்தை எழுந்து, கட்டையைத் தாண்டி, அப்பாவைப் பார்த்து ஆறு எட்டு வைத்து நடந்தது. தெய்வானை கையை நீட்டவில்லை. நீட்டினால் கை தன் பக்கமே திரும்பிவிடும். கைதட்டினாள்.

1960-இல் விஷயம் நாடாளுமன்றத்தில் முடிவுக்கு வந்தது. ரோடு கட்சிக்காரர் எழுந்து, மலாக்காவுக்கும் தம்பினுக்கும் இடையே ஏற்கெனவே ஐம்பத்திரண்டு நிமிடத்தில் ஒரு சேவை நடக்கிறது, அரசாங்கத்துக்கு ஒரு காசு செலவில்லை, பன்னிரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பதினோரு மில்லியனா என்று கேட்டார். மேசைகள் தட்டப்பட்டன. ரயில் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது. பின்னால் தேவைப்படலாம் என்று நில ஒதுக்கீட்டை மட்டும் அப்படியே விட்டார்கள்.

அப்பாசாமி செய்தியைச் சொல்ல நேரில் வந்தார். மேடையில் பேசிப் பழகிய மனிதர் அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து சொன்னார். தெய்வானை பாதி நறுக்கிய கீரையை வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"நான் மெதுவா நடந்திருக்கணுமாண்ணே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரியலைம்மா."

மெதுவாகப் போனால் ஒருவேளை மறுபடி பேசுவார்கள், பணம் கொடுப்பார்கள், ரயில் வரும், அவளை விடும். அதை அவள் கீரை நறுக்கி முடிக்கும்வரை யோசித்தாள். மல்லிகா ஏழரைக்குக் கண்விழிப்பாள். விழித்ததும் கடைசிக் கட்டைக்குப் பக்கத்துப் பாயில் அம்மா இல்லையென்றால் அழுவாள். மறுநாள் காலை ஆறு நாற்பதுக்குச் சாரதாம்பாள் அடுக்களைக் கதவைத் திறந்தாள். அலோர் காஜாவில் துணிகளை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஐம்பது நிமிடம்தான் ஆனது.