செல்லப்பனாரின் ஐந்து கைகள்

புதன்கிழமை காலை செஞ்சிக் கூட்டு ரோட்டில் ஒரு நட்சத்திரம் ஏறிக்கொண்டிருந்தது. இருபது அடி உயரம். சாரத்தின் மேல் நின்ற இரண்டு பேர் கயிற்றை இழுக்க, ஐந்து தடித்த ஆரஞ்சு நிறக் கைகளை விரித்துக்கொண்டு அது திருவண்ணாமலை பஸ்களின் தலைக்கு மேலே எழும்பியது. நட்டநடுவில் கல்வித் தந்தை செல்லப்பனாரின் சிரித்த முகம். கைக்கு ஒன்றாக அவருடைய நிறுவனங்கள்: மெட்ரிக் பள்ளி, பாலிடெக்னிக், நர்சிங், பி.எட்., கலை அறிவியல் கல்லூரி. கீழே 'ஆழ்கடலும் அறிந்த அண்ணலே!' என்று எழுதியிருந்தது. செஞ்சியிலிருந்து கடலுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். பேனர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அனந்தபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜெயக்கொடி அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பேனர் ஏறியதற்குக் காரணம் அவள் வரைந்த ஒரு படம். அந்தப் படத்தின் மேல் அவளுக்கே சந்தேகம்.

செல்லப்பனாரின் கலை அறிவியல் கல்லூரியில், விலங்கியல் துறையில் அவள் தற்காலிக ஆய்வக உதவியாளர். ஆர்டரில்தான் அப்படி, வேலை முழுக்கப் படம் வரைவது. பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, மிக மெல்லிய பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்து நண்டு, நத்தை, புழு எல்லாவற்றையும் வரைவாள். ஒரு முள் இருந்தால் ஒரு முள். உடைந்திருந்தால் உடைந்த முள். அழகுக்காக எதையும் சேர்த்ததில்லை. படத்தின் வலது மூலையில் எறும்பு அளவுக்குத் தன் பெயரை எழுதுவாள். அந்த எறும்பைத் தவிர அவளுக்கென்று அந்தக் கல்லூரியில் வேறொன்றும் கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன்பு துறைத் தலைவர் ராமகிருஷ்ணன், கடல் நட்சத்திரங்களுக்கு ஒரு படத்தொகுதி போட வேண்டும் என்று முடிவெடுத்தார். லேப் பச்சமுத்து பரங்கிப்பேட்டைக்குப் போய், வலையில் சிக்கி மீனவர்கள் தூக்கிப் போடுவதை வாங்கிவந்தார். பெரும்பாலும் நட்சத்திர மீன்கள். ஒரு பாட்டிலில் மட்டும் நொறுங்கு நட்சத்திரம். நட்சத்திர மீனின் ஒல்லியான பங்காளி அது. நாணயம் அளவுக்கு ஒரு வட்டு, அதில் செருகிவைத்தாற்போல் ஐந்து பாம்பு வால்கள். உயிரோடு தொட்டாலே கை கழன்றுவரும். ஸ்பிரிட்டில் ஊறிவிட்டால் அப்பளம்.

பாட்டிலில் இருந்த வட்டில் மூன்று கைகள்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றவை தனியே கிடந்தன; இன்னொரு பிராணியும் வட்டோடு நொறுங்கிக் கலந்திருக்கிறது, ஒரே வகைதான் என்று ஜெயக்கொடி நினைத்தாள். பொருந்துவதாகத் தெரிந்த இரண்டு கைகளை எடுத்து வைத்து வரைந்தாள். அதில் ஒன்று கொஞ்சம் தடிமன், பட்டை பட்டையாய் நிறம், முள்ளும் நீளம். இருந்ததை இருந்தபடி வரைந்துவிட்டு, 'இரண்டு கைகள் தனியே கிடந்தன; பொருத்தியது உத்தேசம்' என்று அடியில் பென்சிலால் எழுதினாள்.

ராமகிருஷ்ணன் ஸ்கேன் செய்யும்போது, அசிங்கமாக இருக்கிறதென்று பென்சில் வரியை வெட்டிவிட்டார். பிறகு படத்தைப் பார்த்தார். பாட்டிலைப் பார்க்கவில்லை. ஒரு கை மட்டும் வேறு மாதிரி! உலகத்தில் எவனும் கண்டிராத புது இனம்! பிரின்சிபால் பதவி காலியாக இருந்த நேரம் வேறு. புது இனத்துக்குக் கரஸ்பாண்டென்ட் செல்லப்பனாரின் பெயரையே லத்தீனாக்கி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பாராட்டு விழா. மேடையில் செல்லப்பனார் லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்துவார். கட்டுரை, படத்தோடு வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் பறக்கும்.

அதற்கப்புறம் உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் ஒருவன் அந்தத் தடித்த கையை ஆயுள் முழுக்கத் தேடுவான். கிடைக்காது. கடைசியில் படத்தை எடுத்து எவன் வரைந்தது என்று பார்ப்பான்.

ஜெயக்கொடி நேரே பச்சமுத்துவிடம் போனாள். அவர் ஆய்வகத்துக்குப் பின்னால் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பரங்கிப்பேட்டையிலேருந்து அந்த நொறுங்கு நட்சத்திர பாட்டில் வந்துதே..."

"பாட்டிலா? ரெண்டு பாட்டில்மா."

"ரெண்டா?"

"அன்னிக்கி அமாவாசை. விழுப்புரத்துல ஏறுனா பஸ்ஸு ஃபுல்லா மேல்மலையனூர் கூட்டம். சீட்டுல பையை வெச்சிட்டு டிக்கெட் வாங்கறதுக்குள்ள ஒரு அம்மா அது மேல குந்திடுச்சி. நல்ல ஒடம்பு. எழுந்திரும்மா, உள்ள சாமான் இருக்குதுன்னா, 'அங்காளம்மனுக்கு மூணு நாளா விரதம்பா, செத்த குந்திக்கறேன்'னுது. விரதம் இருக்கற ஒடம்பா அது! ரெண்டும் பிளாஸ்டிக் பாட்டிலு, நசுங்கிடுச்சி. இங்க எறங்கி ஒரு ஊறுகா பாட்டில் வாங்கி ரெண்டையும் அதுலயே கொட்டிட்டேன். ஒரு கைகூட சிந்தல. எண்ணிப் பாத்தேன், பத்து."

"ரெண்டு பாட்டில்லயும் ஒரே வகையாண்ணே?"

"அதெப்படி? ஒண்ணு சேத்துல கெடச்சது, ஒண்ணு பாறையில கெடச்சது. அதனாலதான தனித்தனியா குடுத்தான்."

"ஏண்ணே இதை அப்பவே சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியேம்மா."

சந்தேகம் போய் நிச்சயம் வந்துவிட்டது. சந்தேகமே தேவலாம் போலிருந்தது.

ராமகிருஷ்ணன் தன் அறையில் புதுக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஜெயக்கொடி, சயின்ஸ்ல டவுட் வரத்தான் செய்யும். அதை என்கரேஜ் பண்ணக் கூடாது."

"ஒரே ஒருதரம் அந்தக் கையை மைக்ராஸ்கோப்புல பாருங்க சார்."

"படம் இவ்வளவு தெளிவா இருக்குறப்ப பாட்டில் எதுக்கும்மா?"

"அப்ப பேரையாவது எடுத்துடுங்க சார்."

"விளையாடறியா? பேனர் ஏறிடுச்சி. கரஸ்பாண்டென்ட் பேரை எடுக்கறதா?"

"என் பேரைச் சொன்னேன் சார்."

அவர் முதல்முறையாகத் திரும்பினார். "உன் பேரா? அது எங்க இருக்குது?"

வியாழக்கிழமை மதியம் செல்லப்பனாரே கூப்பிட்டனுப்பினார். வல்லத்தில் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருந்தவர். இப்போது அறை முழுக்க கேடயங்கள். மேஜைமேல் பேனரின் சின்ன மாதிரி விரித்துக் கிடந்தது. பக்கத்தில் ராமகிருஷ்ணன் கைகட்டி நின்றார்.

"வாம்மா. நீதான வரஞ்சது? நல்லா இருக்குது. இன்னும் ஒரே ஒரு கை போட முடியுமா? அடுத்த வருஷம் ஐ.டி.ஐ. தொறக்கறோம்."

"பண்ணிடலாம் சார்," என்றார் ராமகிருஷ்ணன்.

"ஐயா, இருக்கறதுலயே ஒண்ணு தப்பு," என்றாள் ஜெயக்கொடி. "அந்த அஞ்சாவது கை வேற ஒரு..."

"அதெல்லாம் டெக்னிகல் சார்," என்று ராமகிருஷ்ணன் குறுக்கே விழுந்தார்.

"டெக்னிகல் வேணாம்மா. நாளைக்கி மேடையில நான் ரெண்டு வார்த்த பேசணும். நம்ம பேரு வெச்ச உசுரு இன்னா பண்ணும், ஏது பண்ணும்னு சொல்லு. உண்மையச் சொல்லணும், ஆமா."

உண்மையைத்தானே கேட்கிறார் என்று அவள் ஆரம்பித்தாள்.

"மூளை கிடையாதுங்க ஐயா."

"ஆருக்கு?"

"அந்தப் பிராணிக்குங்க. நரம்பு மட்டும் எல்லாக் கைக்கும் போவும்."

"அதிகாரப் பரவலாக்கம் சார்!" என்றார் ராமகிருஷ்ணன்.

"அது நல்லாருக்குது. மேல சொல்லு."

"ஆபத்துன்னா ஒரு கையைக் கழட்டிப் போட்டுட்டு ஓடிடும்."

செல்லப்பனார் மாதிரிப் படத்தைப் பார்த்தார். "எந்தக் கைய?"

"எது மாட்டுதோ அதைங்க."

"நர்சிங்க விட்டுட்டு ஓடறதா? சரி, அத உடு. சாப்பாடு?"

"அடியில வாய் இருக்குதுங்க. சேத்துல கெடக்கற கசடைத் தின்னும். தின்னு செரிச்சப்புறம்..." அவள் நிறுத்தினாள்.

"ம்?"

"வெளிய வர்றதும் அந்த வாய் வழியாத்தாங்க ஐயா. வேற வழி அதுக்குக் கிடையாது."

செல்லப்பனார் மெல்ல ராமகிருஷ்ணன் பக்கம் திரும்பினார்.

"ராமகிருஷ்ணன், இது உங்களுக்குத் தெரியுமா?"

"பி.எஸ்சி. ஃபர்ஸ்ட் இயர்லயே இருக்குது சார்," என்று பெருமையாக ஆரம்பித்தவரின் குரல் பாதியில் உள்ளே போய்விட்டது.

"ஊர்ல இன்னொரு காலேஜுகாரன் இருக்கான். என்னைக்கி வாயத் தொறப்பேன்னு காத்துக்கினு கெடக்கறவன். அவன் கையில இது கெடச்சா?" செல்லப்பனார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. "ஏம்மா, பேனர்ல இருக்கறது தடியா இருக்குதே, அதுவும் இதானா?"

"இல்லீங்க. இது நட்சத்திர மீன். பிளெக்ஸ் கடையில நெட்டுல எடுத்துப் போட்டுட்டாங்க."

"இதுக்கும் அதே கதைதானா?"

"இல்லீங்க ஐயா. இதுக்குத் தனி வழி இருக்குது."

"அப்பாடா! அப்ப பேர இதுக்கு மாத்துங்க. தனி வழி எங்க இருக்குது?"

ஜெயக்கொடி ஒரு நொடி யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை. "முதுகுலங்க. நட்டநடுவுல."

மூன்று பேரும் மேஜையைப் பார்த்தார்கள். நட்டநடுவிலிருந்து செல்லப்பனார் சிரித்துக்கொண்டிருந்தார்.

நிஜ செல்லப்பனார் போனை எடுத்தார். "யப்பா, கூட்டு ரோட்டு பேனர எறக்கு. காலையில இல்ல, இப்ப. சுருட்டி வெக்காத, கொளுத்திடு." போனை வைத்துவிட்டு ராமகிருஷ்ணனைப் பார்த்தார். "அந்தக் கட்டுரையும் எங்கயும் போவக் கூடாது. என் பேரு எந்தப் பூச்சி மேலயும் இருக்கக் கூடாது."

"பூச்சி இல்ல சார், முட்தோலி..."

"போய்யா!"

ராமகிருஷ்ணன் அவளோடு ஆய்வகத்துக்குத் திரும்பினார். இனி அவருக்கு அவசர வேலை எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, ஜெயக்கொடி தட்டில் எடுத்து வைத்த கைகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்க உட்கார்ந்தார். கால்மணி நேரம் தலை நிமிரவில்லை. ஒருகாலத்தில் நல்ல மாணவராக இருந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

"ரெண்டும் வேற வேற," என்றார் மெதுவாக. "முள்ளைப் பாத்தாலே தெரியுது. இதை மட்டும் அனுப்பியிருந்தா, என்னை வெளுத்துக் காயப்போட்டிருப்பானுங்க."

"என்னையும்தான் சார்."

அவர் ஒரு முழு பாட்டில் தண்ணீரைக் குடித்தார். பிறகு, தணிந்த குரலில், "திரும்ப வரைஞ்சிடு. கை ஒட்டாம, கெடக்கறபடி," என்றார்.

அவள் உட்கார்ந்தாள். மூன்று கையோடு வட்டு ஒரு பக்கம், உதிர்ந்த கைகள் வகைக்கு ஒரு வரிசையாக மறுபக்கம். புள்ளிகள் தானாக விழுந்தன. கடைசியில், வலது மூலையில் எறும்பு அளவுக்குத் தன் பெயர்.

வெள்ளிக்கிழமை விழாவை நிறுத்த முடியவில்லை. பந்தல் போட்டாகிவிட்டது, நானூறு பேருக்குப் பிரியாணி சொல்லியாகிவிட்டது. எனவே, உலகமே தர வந்த பெருமையை வேண்டாமென்று மறுத்த செல்லப்பனாரின் தன்னடக்கத்துக்குப் பாராட்டு விழா நடந்தது. தன்னடக்கத்தைப் பற்றி ஏழு பேர் பேசினார்கள். புதுக் கோட்டில் ராமகிருஷ்ணன் முக்கால்மணி நேரம் பேசினார். கடைசியில் செல்லப்பனார் தன்னைப் பற்றிப் பேசுவது தனக்குப் பிடிக்காது என்று தொடங்கி, மண்டி நாட்களிலிருந்து சொன்னார்.

கடைசி வரிசையில் ஜெயக்கொடி உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். பக்கத்தில் இருந்த பச்சமுத்து அவளையே பார்த்தார்.

"இன்னாம்மா இந்தத் தட்டு தட்டற? உனக்கு பர்மனென்ட் ஆயிடுச்சா?"

"இல்லண்ணே."

"பின்ன?"

"சும்மாதான்," என்றாள். "வாங்க, பந்தி போட்டுட்டாங்க. மூணு நாளா ஒழுங்கா சாப்பிடல."